உள்ளங்கைக்குள் அடங்காத கோட்டை

இவ்வாரம் நாம் எழுதப் புகுவது ஒருநாளும் கடைக்கு வராத ஒரு பண்டத்தைப் பற்றி. வந்தவற்றைப் பற்றி எழுதவே பத்தியில் இடம் போதாதிருக்க, வராததைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று இக்கதைக்குள் இருக்கிறது. "இந்தக் கருவியை வாங்கித் தாருங்கள் அப்பா, இன்ன ஆட்டம் இதற்கு வரப்போகிறதாம்" என்று பிள்ளை கேட்கிறான். வரப்போவதை நம்பி இன்றே காசை எண்ணி வைக்கலாமா? அமெரிக்க நாட்டில் 1997ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் அதையடுத்த ஓரிரு ஆண்டுகளிலும் அவ்வாறு எண்ணி வைத்த பெற்றோர் பலர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட 'வரப்போகும்' ஆட்டங்களுள் ஒரு கோட்டையும் இருந்தது.

அக்கோட்டை எது என்பதை முதலிற் சொல்லிவிடுவோம்.

யப்பானின் கொனாமி நிறுவனம் 1986ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் 'அக்குமாஜோ டிராகுலா' என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. மேல்நாடுகளில் அதற்குக் 'காசில்வேனியா' என்று பெயர். கையிற் சாட்டையேந்திய வேட்டைக்காரன் ஒருவன் பாழடைந்த கோட்டைக்குள் நுழைகிறான். படிகளில் ஏறியும், மேடைக்கு மேடை தாவியும், எலும்புக்கூடுகளையும் வௌவால்களையும் வீழ்த்தியும் மேலே செல்கிறான். உச்சியில் இரத்தக்காட்டேரியாகிய டிராகுலாப் பிரபு காத்திருக்கிறார். பிரபு ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் மாய்கிறார். அடுத்த ஆட்டம் விற்பனைக்கு வருவதற்குள் மீண்டும் எழுந்துவிடுகிறார். வியாபாரத்துக்கு இதைவிட வாய்ப்பான வில்லன் அமைவது அரிது.

இவ்வரிசையில் வந்த ஆட்டங்கள் பலவாயினும், பெயர் நிலைத்தது ஒன்றுக்குத்தான். 1997ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி சோனியின் பிளேஸ்டேசன் கருவிக்காக யப்பானில் வெளிவந்த அதற்கு ஆங்கிலத்தில் 'சிம்பனி ஒஃப் த நைட்' என்று பெயர். யப்பானியப் பெயரோ நிலவின் கீழ் இசைக்கும் இராப்பாடல் என்று பொருள்படும். அதன் இயக்குநர் டோரு ஹகிஹாரா. துணை நின்றவர் கோஜி இகராஷி. மாந்தரை வரைந்தவர் அயாமி கொஜிமா. இசையமைத்தவர் மிச்சிரு யமானே. இந்நால்வரின் பெயர்களையும் மாணவர்கள் மனத்திற் கொள்வது நன்று. ஏனெனில் இவ்வகை ஆக்கங்கள் இயந்திரத்தில் தாமே முளைப்பன என்றதோர் எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு.

இவ்வாட்டத்தின் நாயகன் வேட்டைக்காரன் அல்லன், டிராகுலாவின் மகன். ஆலுகார்ட் என்பது அவன் பெயர். தந்தையின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து முன்னாகப் படித்தால் மகனின் பெயர் வரும். இதனைக் கொனாமி நிறுவனத்தார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1943ஆம் ஆண்டிலேயே ஹொலிவூட் படமொன்று இப்பெயர் விளையாட்டை ஆடிவிட்டது. ஆலுகார்ட் வௌவாலாகவும் ஓநாயாகவும் மூடுபனியாகவும் உருமாறக் கற்றுக்கொள்கிறான். கற்கக் கற்க முன்னர் மூடிக்கிடந்த வழிகள் திறக்கின்றன. பழைய ஆட்டங்களில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம். திரும்பிப் போக வேண்டிய தேவை இல்லை. இதிலோ கோட்டை முழுவதும் ஒரே வீடு. நூலகம், தேவாலயம், மணிக்கூட்டுக் கோபுரம், நிலவறை யாவும் ஒன்றுடனொன்று வாசல்களாற் பிணைந்தவை. இறுதிவரை வந்துவிட்டோம் என்று ஆடுபவன் களைத்து அமரும் வேளையில், சரியான பொருள்களைத் திரட்டியவனுக்கு மட்டும், அதே கோட்டை தலைகீழாக ஆகாயத்தில் தோன்றுகிறது. முன்பு கூரையாக இருந்தது இப்போது தரை. முழுவதையும் சுற்றிப் பார்த்தவன் நூற்றுக்கு 200.6 வீதம் பார்த்ததாக ஆட்டம் கணக்குச் சொல்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கியவர்களையே பாராட்டிப் பழகிய ஆசிரியர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ அறியோம்.

இவ்வாக்கத்தின் பிறப்பிலேயே ஒரு கைவிடல் இருக்கிறது. சேகா நிறுவனத்தின் 32எக்ஸ் என்னும் இணைப்புக் கருவிக்கு ஒரு காசில்வேனியா தயாரிக்கக் கொனாமி முதலில் எண்ணியிருந்தது. 1994ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த அக்கருவி இரண்டு ஆண்டுகள்கூட நன்றாக வாழவில்லை. அதற்கான திட்டம் நின்றது. அக்குழுவின் கவனம் பிளேஸ்டேசனுக்குத் திரும்பியது. ஒன்றைக் கைவிட்டதாற் பிறந்ததே இந்த இராப்பாடல் எனலாம்.

நிற்க. ஒரு கருவிக்கென ஆக்கிய ஆட்டத்தை வேறொரு கருவியில் ஓடுமாறு மாற்றியமைப்பதை இத்துறையினர் 'போர்ட்' என்பர். நாம் அதனைப் பெயர்ப்பு என்றே கூறுவோம். மொழிபெயர்ப்புக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது. ஒரு மொழியின் சொற்களை மறுமொழிக்குக் கொண்டுபோவதுபோல, ஒரு கருவியின் கட்டளைகளை மறுகருவிக்குப் புரியும் கட்டளைகளாக எழுத வேண்டும். வண்ணம், ஒலி, நினைவுக் கொள்ளளவு ஆகியன யாவும் வேறுபடும். சில வேளை எல்லாம் எளிதாகப் பொருந்தும். பல வேளை எதை விடுவது, எதைக் காப்பது என்ற தீர்ப்பை வரிக்கு வரி எழுத நேரிடும்.

டிராகுலாப் பிரபுவுக்கு இடம்பெயர்தல் புதிதன்று. அயர்லாந்துக்காரராகிய பிராம் ஸ்டோக்கர் தம் நாவலை வெளியிட்டது 1897ஆம் ஆண்டில். நமது இராப்பாடல் வெளிவருவதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்னர். ஸ்டோக்கர் திரான்சில்வேனியாவை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டவரல்லர். நூல்களைப் படித்தே அம்மலைநாட்டைத் தம் ஏட்டுக்குப் பெயர்த்தார். அந்நாவலில் பிரபு இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது ஐம்பது பெட்டிகள் நிறையத் தம் ஊர் மண்ணைக் கொண்டுபோகிறார். அம்மண்ணிற் படுத்தாலன்றி அவருக்கு உறக்கம் இல்லை. பெயர்ப்பு வேலை செய்யும் எவரும் இந்த ஐம்பது பெட்டிகளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. ஊர் முழுவதையும் கப்பலில் ஏற்ற இயலாது. எந்த மண்ணை ஏற்றுவது?

ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1922ஆம் ஆண்டில் அனுமதி பெறாமலே இக்கதையை 'நொஸ்பெராத்து' என்ற ஊமைப்படமாக்கினார். பெயர்களை மாற்றினார், கதையைச் சுருக்கினார். ஸ்டோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுத்தார். 1925ஆம் ஆண்டில் படத்தின் பிரதிகளை அழித்துவிடுமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் சில பிரதிகள் தப்பின. இதில் வேடிக்கை யாதெனில், சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி மாயும் என்று இன்று சிறு பிள்ளையும் சொல்லும் செய்தி நாவலில் இல்லை. நாவலின் பிரபு பகலில் இலண்டன் வீதியில் நடக்கிறார். பகலொளியிற் பேய் கரைந்துபோகும் முடிவைப் படமே சேர்த்தது. திருட்டுப் பெயர்ப்பு ஒன்று மூலத்தில் இல்லாததைச் சேர்த்து, அதுவே மூலம்போல நிலைத்துவிட்ட கதை இது. ஆகவே பெயர்ப்பு என்றாலே இழப்பு என்று தீர்த்துவிடுவதற்கில்லை.

இராப்பாடலின் முதற் பெயர்ப்பு 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேகாவின் சற்றேர்ன் கருவிக்கு வந்தது. யப்பானில் மட்டுமே விற்பனையாயிற்று. தட்டையான சித்திரங்களை அசைப்பதிற் சற்றேர்ன் வல்லது என்று பெயர் பெற்றிருந்தது. இராப்பாடலும் தட்டைச் சித்திர ஆட்டமே. ஆகையால் அங்கே அது இன்னும் சிறக்கும் என்று பலரும் எண்ணியிருப்பார்கள். அவ்வாறு நடக்கவில்லை. பிளேஸ்டேசனில் மூடுபனியும் ஆவிகளும் உண்மையாகவே பின்புலம் தெரியும்படி மெல்லியனவாகத் தோன்றின. சற்றேர்னில் அவை பல இடங்களில் சல்லடைத் துணிபோலப் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன. 256 புள்ளி அகலத்துக்கென வரைந்த படத்தை வேறு அகலத்துக்கு இழுத்ததாற் கோடுகளின் நேர்த்தி கெட்டது. வாசலுக்கு வாசல் காத்திருக்கும் நேரமும் கூடியது. மறுபுறம், மரியா என்னும் பெண்ணை நாயகியாக்கி ஆடும் வசதியும், மூலத்தில் இல்லாத இரண்டு புதிய இடங்களும் சேர்ந்தன. பெட்டிகளின் தொகை கூடியது. மண் வழியிற் சிந்திவிட்டது. கருவியின் வலிமை மட்டும் பெயர்ப்பைக் காப்பாற்றாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, வராத பெயர்ப்புக்கு வருவோம்.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் இயங்கிய டைகர் இலெக்ட்ரோனிக்ஸ் என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனம் மலிவான கையடக்க ஆட்டங்களாற் செல்வம் ஈட்டியது. கண்ணாடியில் முன்கூட்டியே அச்சடித்த உருவங்கள் மாறி மாறித் தோன்றும் சிறு கருவிகள் அவை. ஒரு கருவிக்கு ஓர் ஆட்டம். பேசும் பஞ்சுப் பொம்மையாகிய பேர்பியை 1998ஆம் ஆண்டில் உலகெங்கும் பரப்பியதும் அந்நிறுவனமே. 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அது 'கேம் கொம்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. விலை ஏறத்தாழ 70 டொலர். நின்டென்டோ நிறுவனத்தின் கேம் போய் அரசு செலுத்திய சந்தையில் இது துணிவான முயற்சியே. கையடக்க ஆட்டக் கருவிகளில் தொடுதிரை கொண்டு வந்தது இதுவே முதலாவது. சிறு கோலினால் திரையைத் தொட்டு எழுதலாம். தொலைபேசி எண்களைச் சேமிக்கலாம், நாட்காட்டி பார்க்கலாம், கணக்குப் போடலாம். தனியே விற்கப்பட்ட மோடம் ஒன்றை இணைத்தால் எழுத்து வடிவில் மட்டும் இணையத்தையும் எட்டலாம். இன்று நம் பிள்ளைகள் கையிலிருக்கும் தொலைபேசியின் தூரத்து உறவு என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

எண்ணம் பெரிது; உடல் சிறிது. எட்டு பிட் மூளை; 200 புள்ளி அகலமும் 160 புள்ளி உயரமும் கொண்ட திரை; வண்ணம் இல்லை, கறுப்பு முதல் வெண்மை வரை நான்கு படிகள் மட்டுமே. பின்னொளி கிடையாது. தொடுதிரையின் கட்டக் கோடுகள் மங்கலாகக் கண்ணிற் பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையின் படிகம் மந்தமானது. உருவம் ஒன்று நகர்ந்த பின்னும் அதன் பழைய நிழல் சற்று நேரம் மறையாது பின்தொடரும்.

இக்கருவிக்குத்தான் இராப்பாடலைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லப்பட்டது. ஓர் இறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 650 மெகாபைட். கேம் கொம் கருவியிற் செருகும் கார்ட்ரிட்ஜில் அதில் நூற்றில் ஒரு பங்கும் கொள்ளாது. யானையைத் தொலைத்தவன் குடத்துக்குள்ளும் கைவிட்டுத் தேடுவான் என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கோ குடத்தைக் கையில் வைத்திருந்தவர்களே யானை உள்ளே வரும் என்று விளம்பினார்கள்.

அவர்களை முற்றாக எள்ளிவிடுவதும் முறையன்று. இதே கருவிக்கு 'ரெசிடன்ட் ஈவில் 2' என்னும் பேராட்டத்தின் சிறு வடிவம் 1998ஆம் ஆண்டில் உண்மையாகவே கடைக்கு வந்தது. பிளேஸ்டேசனில் இரண்டு இறுவட்டுகளை நிறைத்த ஆட்டம் அது. வந்தது என்பதே வியப்பு; ஆடிப் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள் என்று மட்டும் கூற முடியவில்லை. பெரிய பெயர் ஒன்றைப் பெட்டியின் மேல் அச்சிடும் உரிமையை விலைக்கு வாங்குவதும், அப்பெயருக்குரிய அனுபவத்தை உள்ளே வைப்பதும் வெவ்வேறு தொழில்கள் என்பதை டைகர் நிறுவனத்தார் இறுதிவரை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இராப்பாடலின் மண் எது என்று கேட்டுப் பார்த்தால் இது விளங்கும். கதை அன்று, கதை எளியது, வசனங்களோ ஆங்கிலத்தில் நாடக மேடையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி முழங்கி, இரசிகர்களாலேயே செல்லமாகக் கேலி செய்யப்படுபவை. புள்ளிகளின் தொகையும் அன்று. கேம் கொம் திரையின் 32,000 புள்ளிகள் கேம் போய் திரையின் 23,040 புள்ளிகளைவிட அதிகமே. இராப்பாடலின் உயிர் அசைவில் இருக்கிறது. ஆலுகார்ட் நடக்கும்போது மேலங்கி அலைகிறது; கூந்தல் பின்னே மிதக்கிறது; அவன் சென்ற வழியில் அவனுடைய சாயல்கள் நீல நிழல்களாக ஒரு கணம் நின்று மறைகின்றன. பெரிய வீடொன்றில் தனியே உலாவும் ஒருவனின் மிடுக்கையும் துயரையும் அந்நிழல்களே சொல்லிவிடுகின்றன. இப்போது அக்காட்சியைக் கேம் கொம் திரையில் வைத்துப் பாருங்கள். அங்கே நாயகனுக்கும் நிழல் தொடரும், எலும்புக்கூட்டுக்கும் தொடரும், வௌவாலுக்கும், எறிந்த கத்திக்கும், நகரும் சுவருக்கும் தொடரும். ஓவியன் ஒருவனுக்கென்று தேர்ந்து சூட்டிய அணியை, பழுதுபட்ட கண்ணாடி ஊருக்கெல்லாம் பூசிவிடும். யமானேயின் இசை ஒரு சிறு ஒலிபெருக்கியிற் கீச்சிடும். எஞ்சுவது அறைகளின் வரைபடம் ஒன்றே. வரைபடத்தைக் காட்டி, இதுதான் எங்கள் வீடு என்று விருந்தினரை உபசரிக்க முடியுமா?

கேம் கொம் ஒட்டுமொத்தமாக விற்றது மூன்று இலட்சத்தையும் எட்டவில்லை என்பர். அதற்கென வெளிவந்த ஆட்டங்கள் இருபது அளவில் நின்றன. டைகர் நிறுவனத்தை 1998ஆம் ஆண்டில் ஹஸ்ப்ரோ வாங்கியது. 1999இல் சிறிதாக்கி விலை குறைத்த வடிவம் ஒன்றும் வந்து பார்த்தது. 2000ஆம் ஆண்டோடு கருவி மறைந்தது. அதனுடன் இராப்பாடலின் பெயர்ப்பும் மறைந்தது. கோட்டையை நம்பிக் கருவி வாங்கிய பிள்ளைக்குக் கிடைத்தது, முன்னமே உள்ளே பதிந்திருந்த சீட்டாட்டம்.

அப்படியாயின் நான்கு சாம்பல் நிறங்களுக்குள் இக்கோட்டை அடங்கவே அடங்காதா? அடங்கும் என்பதே நம் விடை. ஆனால் பெயர்த்தால் அன்று. கேம் போய் கருவிக்கெனக் கொனாமி 1989ஆம் ஆண்டில் ஆக்கிய காசில்வேனியா ஆமை நடை போட்டது. நாயகன் நடந்து முடிப்பதற்குள் ஆடுபவனுக்குக் கொட்டாவி வந்தது. அதே கருவிக்கு 1991ஆம் ஆண்டில் வந்த அடுத்த ஆட்டம் வேறு விதமானது. திரை சிறியது என்பதை மறைக்க முயலாமல், ஏறும் கயிறுகளையும் இறங்கும் கயிறுகளையும் வைத்து, அச்சிறு சட்டத்துக்குள் எது அழகாக அசையுமோ அதையே அசைத்தது. அதே நான்கு படிச் சாம்பல் நிறங்கள், அதே கருவி. மாறியது எழுதியவர்களின் புரிதல் மட்டுமே. இசையும் நன்று.

அதன் பின்னர் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 2001ஆம் ஆண்டில் கேம் போய் அட்வான்ஸ் கருவி தோன்றியபோது கூடவே ஒரு காசில்வேனியா வந்தது. இராப்பாடலின் முறையைப் பின்பற்றிய புதிய கதை, புதிய கோட்டை. அக்கருவிக்கும் பின்னொளி இல்லை, கோட்டையோ இருண்டது. விளக்கின் கீழ்க் குனிந்து ஆட வேண்டியிருந்தது என்று குறை எழுந்தது. அடுத்த ஆண்டு இகராஷி பொறுப்பேற்றுச் செய்த ஆட்டத்தில் வண்ணங்களைப் பளிச்சென்று ஏற்றி, நாயகனின் உருவத்தைச் சுற்றி நீல விளிம்பொன்றை வரைந்துவிட்டார்கள். இருட்டில் தொலையாதிருக்க அவனுக்குக் கட்டிய காப்பு அது. அழகு என்று சொல்ல மாட்டோம். ஆயினும் திரையின் குறையை அறிந்து செய்த வைத்தியம். ஓவியத்துக்கு இடம் விட்டதில் அவ்வாட்டத்தின் இசை மெலிந்தது. 2003ஆம் ஆண்டு வந்த மூன்றாவது ஆட்டத்திற்றான் இரண்டும் சமன்பட்டன. மூன்று முயற்சிகள், மூன்று ஆண்டுகள். உள்ளங்கைக்குள் கோட்டை வந்து சேர்ந்தது. பழைய கோட்டை ஒரு கல்லும் வரவில்லை. அதைக் கட்டும் முறை வந்தது. விடிய விடிய ஆடும் கூத்தை ஒருமணி நேர வானொலி நாடகமாக்க முனைபவர் ஆட்டத்தைக் கத்தரித்தால் தோற்பார். வானொலிக்கென்று அக்கதையைப் புதிதாக எழுதினால் பிழைப்பார். இதுவும் அத்தகையதே.

மறுபடியும் பெற்றோரின் வழக்குக்கு வருவோம். வராத பெயர்ப்புகள் டைகர் நிறுவனத்தோடு தீர்ந்துவிடவில்லை. இகராஷி 2014ஆம் ஆண்டில் கொனாமியிலிருந்து விலகினார். மறு ஆண்டு மே மாதத்தில், இராப்பாடலின் வழியிற் புதிய ஆட்டமொன்று ஆக்கப் போவதாகக் கூறி, கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத்தளத்தின் வாயிலாகப் பொதுமக்களிடமே முதல் கேட்டார். கேட்டது 5 இலட்சம் டொலர். சேர்ந்தது 55 இலட்சம் டொலருக்கு மேல். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கொடுத்தார்கள். 'பிளட்ஸ்டெயின்ட்' என்பது ஆட்டத்தின் பெயர். தொகை கூடக் கூட, நின்டென்டோவின் வீ யூ கருவிக்கும் சோனியின் வீட்டா என்னும் கையடக்கக் கருவிக்கும் பெயர்ப்புகள் வரும் என்று வாக்களிக்கப்பட்டது.

ஆக்கும் வேலை நீண்டது. கருவிகளோ காத்திருக்கவில்லை. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் வீ யூ கருவியின் உற்பத்தியே நின்றது. மார்ச்சில் சுவிட்ச் என்னும் புதிய கருவி வந்தது. வீ யூ பெயர்ப்புக் கைவிடப்பட்டு சுவிட்ச் அதன் இடத்தைப் பிடித்தது. 2018ஆம் ஆண்டு ஓகஸ்டில் வீட்டாவுக்கான பெயர்ப்பும் கைவிடப்பட்டது. பணம் கொடுத்தோர் வேறு கருவிக்குரிய பிரதியாக மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் அந்த வேறு கருவி வீட்டில் இல்லாதவன் என்ன செய்வான்? ஆட்டத்தை ஆடுவதற்கு இன்னொரு கருவியை வாங்க வேண்டும். அது ஆட்டத்தைப்போலப் பல மடங்கு விலை.

டைகர் நிறுவனத்தையும் இகராஷியையும் ஒரே தராசில் நாம் நிறுக்கவில்லை. முன்னவர் கருவியை விற்பதற்கு ஆட்டத்தின் பெயரைத் தூண்டிலாக்கினார்கள். பின்னவர் செய்து முடிக்கும் எண்ணத்தோடு வாக்களித்து, காலம் தம் காலடியில் இருந்த கருவியை இழுத்துக்கொண்டபோது கைவிட்டார். எனினும் வாங்குபவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. கருவிக்கு ஆயுள் நான்கைந்து ஆண்டு. பேராட்டம் ஒன்றை ஆக்கவும் நான்காண்டு ஆகிறது. பிள்ளை கேட்கும்போது, இன்று கடையில் இருக்கும் ஆட்டங்களை மட்டும் எண்ணி, அவற்றுக்காகவே இக்கருவி தகுமா என்று பார்ப்பதே நாம் அறிந்த கணக்கு. வரப்போவதாகச் சொல்லப்படுவதை எண்ணிக்கையிற் சேர்க்க வேண்டாம்.

வீட்டா வைத்திருந்தவர்களுக்கு ஓர் ஆறுதலும் கிட்டியது. அதே நிதித்திரட்டின்போது, பழைய எட்டு பிட் காலத்து ஆட்டங்களின் சாயலில் ஒரு சிறு ஆட்டமும் ஆக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 'கேர்ஸ் ஒஃப் த மூன்' என்னும் அது 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் வீட்டாவிலும் வந்தது. வந்ததும் நன்றாகவே ஓடியது. முதலிலிருந்தே சிறிதாக எண்ணி எழுதப்பட்டது ஆகையால் எதையும் கத்தரிக்க வேண்டியிருக்கவில்லை. மாறாக, வீ யூ கருவியின் இடத்தைப் பிடித்த சுவிட்ச் பெயர்ப்பு 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்தபோது தட்டுத் தடுமாறியது. குறைகளை ஆக்கியோரே ஒப்புக்கொண்டு, பின்னர் பலமுறை திருத்த வேண்டியதாயிற்று.

இராப்பாடலோ அதற்குள் பல வாசல்களைக் கடந்திருந்தது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் 360 கருவியில் இணையவழி விற்பனைக்கு அது வந்தபோது, அங்கே விற்கப்படும் ஆட்டம் எதுவும் 50 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது என்று விதி இருந்தது. கோட்டைக்காக அவ்விதியைத் தளர்த்தினார்கள். வாசலை இடித்துத் தேரை உள்ளே விட்டதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் சோனியின் பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவியில், வேறோர் ஆட்டத்துக்குள் மறைந்திருக்கும் பரிசாக அது அடங்கியது. தேடிக் கண்டெடுப்பவனுக்கு முழுக் கோட்டையும், வண்ணமும், இசையும். கேம் கொம் தோன்றிப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், உள்ளங்கைக்குக் கோட்டையே வந்துவிட்டது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கையடக்கத் தொலைபேசிகளுக்கும் இராப்பாடல் வெளியாயிற்று. விலை மூன்று டொலருக்குச் சற்றுக் குறைவு. தொடுதிரை, நாட்காட்டி, தொலைபேசி எண்கள், கணக்குப் பொறி, இணையம் என்று டைகர் நிறுவனத்தார் 1997இல் ஒரே பெட்டிக்குள் திணிக்க முயன்றவை யாவும் உள்ள கருவி. ஆலுகார்டின் நீல நிழல்கள் அதிலே அவனை மட்டுமே பின்தொடர்கின்றன. கண்ணாடியில் வரைந்த பொத்தான் விரலுக்குத் தட்டுப்படுவதில்லை, அவசரத்தில் தாவ நினைத்தால் வாள் வீசுகிறது என்று குறைகூறுவோர் உண்டு. அவர்கள் உண்மையான பொத்தான்கள் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைத் தனியே வாங்கித் தொலைபேசியுடன் இணைத்து ஆடுகிறார்கள்.